தெரியாது என்று வைத்த கைநாட்டு

மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. திருவொற்றியூரில் கடலுக்கும் எண்ணூர் போகிற பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நடந்தது இது. மத்தியானச் சாப்பாடு முடித்து, பாத்திரம் கழுவி, சற்று தலையைச் சாய்க்கலாம் என்று இருந்தேன். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. எங்கள் ஆட்கள் நடக்கிற சத்தம் இல்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று வருகிற சத்தம்.

அப்படி யாராவது வந்தால் எங்களுக்கு ஆகாது. நாங்கள் முன்பு கடலோரத்தில் குடிசையில் இருந்தோம். ஒரு நாள் இப்படித்தான் இரண்டு பேர் பேனாவும் நோட்டுமாக வந்தார்கள். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, எத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்று சிரித்த முகமாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வருடம் எங்களில் பாதிப் பேரை ஊருக்கு வெளியே எங்கேயோ கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். மீதிப் பேருக்கு இந்தக் குடியிருப்பு. யாருக்கு எதனால் எது கிடைத்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதிலிருந்து எங்கள் பிளாக்கில் எழுதாத சட்டம் ஒன்று வந்துவிட்டது. பேனாவோடு யார் வந்தாலும், எதைக் கேட்டாலும், தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

செருப்புச் சத்தத்துக்கு முன்னால் எதிர் வீட்டுக்காரி ஓடிவந்தாள். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிறவள். என் மகள் வயசு இருக்கும். நான் தனியாக இருக்கிறேன் என்று தினமும் ஒரு தடவையாவது எட்டிப் பார்ப்பாள்.

"பெரிம்மா, லிஸ்ட் எட்த்துகினு ஒரு பொண்ணு வந்துகினு கீது. படிக்கத் தெரியுமான்னு கேக்குது. தெரியாதுன்னு சொல்லிடு. தெரியும்னு சொன்னியோ, படிச்ச கெய்விக்கு இன்னாத்துக்கு பென்சன்னு நிறுத்திடப் போறாங்கோ."

அவளுக்கு உண்மையிலேயே படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது.

நான் ராயபுரத்தில் மாநகராட்சிப் பள்ளியில் அஞ்சாவது வரை படித்தவள். அப்புறம் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனேன். கல்யாணம், பிள்ளை, எல்லாம் ஆச்சு. பொட்டலம் மடித்து வருகிற பேப்பரைக்கூட விடாமல் படித்துவிட்டுத்தான் தூக்கிப் போடுவேன். ஆனால் நான் வாய் திறந்து படித்து யாரும் கேட்டதில்லை. சின்ன வயசிலிருந்தே நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் பின்னால் போய் நின்றுகொள்வேன். ரேஷன் கடையில் விரல் வைக்கிற மிஷின் வந்த பிறகு கையெழுத்துப் போடுகிற வேலையும் இல்லை. அதனால் இந்தக் கிழவிக்கு எழுத்துத் தெரியும் என்று பிளாக்கில் யாருக்கும் தோன்றவே இல்லை. நானும் சொல்லவில்லை.

வந்தது இருபது வயசுப் பெண். ராயபுரத்துப் பெண்தான், கல்லூரியில் படிக்கிறாள் என்று சொன்னாள். தலையில் முக்காடு, தோளில் துணிப்பை, முகமெல்லாம் வியர்வை. படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இங்கேயே வகுப்பு நடத்தப் போகிறார்களாம். பேர் கேட்டாள், வயது கேட்டாள், வீட்டு நம்பர் கேட்டாள். அப்புறம் ஆதார் கார்டு கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. எழுத்துத் தெரியுமா என்று பார்ப்பதற்கு ஆதார் எதற்கு? கேட்கவில்லை. நான் எதையும் கேட்கிறவள் இல்லை.

"பயப்படாதீங்க ஆயா. இது பரீட்சை இல்ல. உங்களுக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு நான் தெரிஞ்சிக்கத்தான்" என்றாள்.

ஒரு அட்டை கொடுத்தாள். மேலே எழுத்துகள், நடுவில் சின்னச் சின்ன வார்த்தைகள், கீழே ஒரு நாய்க்குட்டி மழையில் மாட்டிக்கொண்ட கதை. நான் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் மெதுவாக அதைத் திருப்பிக் கொடுத்தாள். 'அ'வைக் காட்டி, இது என்ன என்றாள். தெரியாதும்மா என்றேன். பேரையாவது எழுதுங்கள் என்று பென்சிலை நீட்டினாள். நான் கட்டை விரலை நீட்டினேன். மை தடவி உருட்டினாள். என் பேருக்கு நேராக அவள் சைபர் போட்டதைப் பார்த்தேன். பிழைத்தோம் என்று நினைத்தேன். எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

சைபர் வாங்கினவர்கள் எல்லாரும் வகுப்புக்கு வர வேண்டும் என்றார்கள். போகாவிட்டால் சந்தேகம் வருமே என்று போனேன். எங்கள் பிளாக்கின் கீழ்த்தளத்தில் படிக்கட்டை ஒட்டி ஒரு கூடம் உண்டு. வாரத்தில் நாலு நாள், மத்தியானம் மூன்று மணிக்கு. பதினோரு பெண்கள். எனக்குப் பக்கத்தில் எதிர் வீட்டுக்காரி.

தெரிந்ததைத் தெரியாத மாதிரி நடிப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். கை தானாக எழுதப் போகும். இழுத்துப் பிடிக்க வேண்டும். 'இ' எழுதச் சொன்னால் சுழியைத் திருப்பிப் போடுவேன். 'க' எழுதச் சொன்னால் ஒரு கோட்டைப் போடாமல் விடுவேன். எதிர் வீட்டுக்காரிக்குப் பொறுக்காது. என் கையைப் பிடித்து, "இப்பிடி வளைச்சிகினு வா பெரிம்மா, இப்போ கீய இறக்கு, அவ்ளோதான். இத்த எழுத இம்மா நேரமா?" என்று சொல்லிக் கொடுப்பாள். முப்பது வருடமாகப் பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன கை. நான் ஒரு எழுத்தைச் சரியாக எழுதிவிட்டால், அவள்தான் ஜெயித்த மாதிரி கூடத்தையே சுற்றிப் பார்ப்பாள். கம்பெனி கேட்டில் ஷிஃப்ட் லிஸ்ட் ஒட்டுவார்களாம். செக்யூரிட்டிக்காரன் கிண்டல் பண்ணிப் பண்ணித்தான் படித்துச் சொல்வானாம். அதைத் தானே படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

எனக்கோ அந்தப் பெண் வைத்திருந்த நோட்டின் மேல்தான் கண். வகுப்பு நடக்கும்போதே ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்ப்பாள், குனிந்து ஏதோ எழுதுவாள். பாடம் சொல்ல வந்தவளுக்கு எங்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? யார் வீட்டில் பிரிட்ஜ் இருக்கிறது, யார் பிள்ளை சம்பாதிக்கிறான் என்று எழுதுகிறாளோ? என் பையன் மணலியில் தனியாக இருக்கிறான். அவன் மாதம் ஏதாவது அனுப்புகிறான் என்று எழுதிவிட்டால் பென்சன் போய்விடுமே.

ஒரு நாள் அவள் தண்ணீர் பிடிக்க வெளியே போனபோது நோட்டு திறந்தே கிடந்தது. எழுத்துத் தெரியாத கிழவி பக்கத்தில் உட்கார்ந்தால் யாருக்கு என்ன? நகர்ந்து போய்ப் படித்தேன். ஒவ்வொருத்தருக்கும் இரண்டு இரண்டு வரி. என்னைப் பற்றி இப்படி இருந்தது: 'மூலை ஆயா இன்னும் க வரிசையைத் தாண்டவில்லை. பயப்படுகிறார், காரணம் தெரியவில்லை. அவரை விட்டுவிட்டுப் போக மனசில்லை. இந்த வாரமும் எல்லாருக்கும் அதையே நடத்தணும்.'

வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை, பையனைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்பாடா என்று என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். நான் தேடியது அங்கே இல்லை என்பது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. அவள் எழுதியிருந்தது என்ன என்று நான் யோசிக்கவே இல்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரீட்சை வைத்தார்கள். மாநகராட்சிப் பள்ளியில், சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். கூட இருந்த மற்ற பிளாக் பெண்களில் ஒருத்தி, "பிள்ள பெத்தப்போகூட இப்பிடி நடுங்கல" என்றதும் எல்லாரும் சிரித்தோம். பாதி எழுதிவிட்டுப் பேசாமல் கொடுத்துவிடலாம் என்பது என் கணக்கு. கடைசிக் கேள்வியில்தான் மாட்டினேன். உங்கள் தெருவுக்கு என்ன வேண்டும், ஐந்து வரி எழுதுங்கள் என்று இருந்தது.

அந்த வாரம்தான் ஒரு கன்டெய்னர் லாரி, ஸ்கூல் விட்டு ரோட்டைக் கடந்த பெண் குழந்தையை உரசிவிட்டுப் போயிருந்தது. ஹார்பருக்குப் போகிற லாரிகள் ரயில் மாதிரி நிற்கும். இரண்டு லாரிக்கு நடுவில் புகுந்துதான் பிள்ளைகள் கடக்க வேண்டும். அந்தக் குழந்தையின் அம்மா ரோட்டில் உட்கார்ந்து பிள்ளையின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். யாரிடமும் அதைப் பேச எனக்கு வாய் வரவில்லை. பேனா கையில் இருந்தது. எழுத ஆரம்பித்தேன். எந்த இடத்தில் வேகத்தடை வேண்டும், எத்தனை மணிக்கு போலீஸ் நிற்க வேண்டும், எல்லாம் எழுதினேன். இடம் போதவில்லை. கையைத் தூக்கி இன்னொரு பேப்பர் கேட்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணோடு அவளுக்கு மேலே இருக்கிற மேடம் வந்தார். கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்தார். கையில் இரண்டு காகிதம். ஒன்றில் என் கைநாட்டு, சைபர். இன்னொன்று நான் எழுதிய இரண்டு பக்கம்.

"ஆறு மாசத்துக்கு முன்னால 'அ' தெரியாதவங்க இப்ப இவ்வளவு எழுதியிருக்காங்க. யார் எழுதிக் கொடுத்தது?" என்று அந்தப் பெண்ணைத்தான் கேட்டார்.

பரீட்சையின்போது அவள் அந்த ரூமிலேயே இல்லை. அதைச் சொன்னாள். மேடம் நம்பவில்லை. எத்தனை இடத்தில் பார்த்தாகிவிட்டது, டீச்சரே எழுதி ஆள் பேரில் சேர்த்துவிடுவார்கள் என்றார். இந்த வகுப்பு மொத்தத்தையும் தள்ளிவிட்டு, அவள் கல்லூரிக்கும் எழுதப் போவதாகச் சொன்னார். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆயா, நீங்கதானே எழுதினீங்க? சொல்லுங்க ஆயா."

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். மேடம் ஒரு பேப்பரை என் முன்னால் வைத்தார். இங்கேயே எழுதுங்கள், இன்று காலையில் என்ன சமைத்தீர்கள் என்று எழுதுங்கள் என்றார். எழுதினேன், நாலு வரி. அதே கையெழுத்து. சரி, இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. மேடம் இந்தக் காகிதத்தையும் சைபர் போட்ட காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் இன்னும் கடுமையாகிவிட்டது.

"இது ஆறு மாசத்துல வர்ற எழுத்து இல்ல. இவங்களுக்கு முன்னாடியே தெரியும். அப்ப இந்த சைபர் பொய். வகுப்பு நடத்தி பெருசா சாதிச்ச மாதிரி காட்டறதுக்கு முதல்ல குறைச்சுப் போட்டியா?"

அந்தப் பெண்ணின் கண் முதலில் என் காகிதத்தில் இருந்தது, அப்புறம் என் முகத்துக்கு வந்தது. அவளுக்கு அந்த நிமிஷம்தான் புரிகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் எழுதிக் காட்டி அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேன். எழுத எழுத அவளைத்தான் மாட்டிவிட்டிருக்கிறேன். உண்மை தெரிந்த ஆள் அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான். வாயைத் திறந்தால் பென்சனும் வீடும் என்ன ஆகுமோ. திறக்காவிட்டால் இந்தப் பெண்ணுக்கு வாழ்நாள் முழுக்கக் கள்ளி என்று பேர்.

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்லம்மா. நான்தான் பொய் சொன்னேன். எனக்குப் படிக்கத் தெரியும். அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். தெரியாதுன்னு கைநாட்டு வச்சேன்."

ஏன் என்று மேடம் கேட்டார். பயம் என்றேன். என்ன பயம் என்றார். கடலோரத்தில் எங்களைக் கணக்கெடுத்ததைச் சொன்னேன், ஆதார் கேட்டதைச் சொன்னேன், பென்சனைச் சொன்னேன். என் வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் அவ்வளவு நேரம் நான் பேசினது அன்றுதான். மேடம் கையிலிருந்த காகிதங்களை மடித்து வைத்தார். அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உங்க பென்சனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, வேறு யாராவது இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார். பின்வரிசையில் ஒரு கை மெதுவாக எழுந்தது. இன்னொரு கை எழுந்தது. யாரோ களுக் என்று சிரித்தார்கள். மேடமும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி எதிர் வீட்டுக்காரி. படிக்கத் தெரியாதுன்னு என்னைச் சொல்லச் சொன்னவளே அவள்தான், ஆனால் உண்மையிலேயே தெரியாத ஒருத்திக்குத்தான் அப்படிச் சொல்கிறோம் என்று நினைத்திருந்தாள்.

"நான் உன் கைய பிட்ச்சிகினு 'க' சொல்லிக் குத்தனே பெரிம்மா. அப்போ நீ உள்ள சிரிச்சிகினு இருந்தியா?"

இல்லடி என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னொருத்தி அந்தப் பெண். என்னைத் திட்டவில்லை. தன் நோட்டைத் திறந்து ஏதோ பக்கத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு வரலையேன்னு ஒரு மாசத்துக்கு மேல க வரிசையிலேயே நின்னேன் ஆயா. கடைசிப் பாடமெல்லாம் நடத்தவே நேரம் இல்லாம போச்சு" என்றாள். அப்போதுதான் அன்று திருட்டுத்தனமாகப் படித்த வரிகள் எனக்கு முழுசாகப் புரிந்தன. படிக்கத் தெரியும் என்று பெரிதாகச் சொல்லிக்கொண்டேனே, அதைப் படிக்கத் தெரியவில்லை.

மறு வாரம் வேறு ஒருவர் வந்து எல்லாருக்கும் முதலிலிருந்து பரீட்சை வைத்தார். அந்தப் பெண் மேல் தப்பில்லை என்று மேடமே எழுதிக் கொடுத்தார். என் பேரையும் அந்த இரண்டு பேர் பேரையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். யாருடைய பென்சனும் நிற்கவில்லை. எதிர் வீட்டுக்காரி மட்டும் கொஞ்சத்தில் தேறாமல் போனாள். கொம்பும் காலும் சேர்ந்து வருகிற எழுத்துகள் அவளுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அவை அந்தக் கடைசிப் பாடங்களில் இருந்தவை. அவள் பேப்பரில் 'இன்னும் பயிற்சி தேவை' என்று போட்டிருந்தது. பயிற்சியைத் தின்றது யார் என்று அதில் போடவில்லை.

ஒரு மாதம் அவள் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. நானே போய் அவள் வாசலில் நின்றேன். மீதிப் பாடத்தை நான் சொல்லித் தரட்டுமா என்றேன். "அந்தப் பொண்ணு அடுத்த கிளாஸ் வைக்குது, நான் அதுல போய்க்கிறேன்" என்றாள். போனாள், தேறினாள். இப்போது ஷிஃப்ட் லிஸ்டை அவளேதான் படிக்கிறாள். செக்யூரிட்டிக்காரனுக்கே சில நாள் படித்துச் சொல்கிறாளாம்.

பேனாவோடு வருகிறவர்களைக் கண்டால் இன்றும் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது. அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், நாங்கள் பட்டிருக்கிறோம். ஆனால் இப்போது நாலு பேர் முன்னாலும் கேட்டுவிடுகிறேன், இதை எதற்கு எழுதுகிறீர்கள், எங்கே போகும் என்று.

எதிர் வீட்டுக்காரியும் பழையபடி வருகிறாள், போகிறாள். போன வாரம் மளிகைச் சாமான் எழுதிக்கொண்டு வந்தாள். அழகாக எழுதியிருந்தாள், ஒரு பிழை இல்லை. நன்றாக இருக்கிறது என்று மனசாரச் சொன்னேன்.

பேப்பரை மடித்துக்கொண்டே, "நெசமா சொல்றியா பெரிம்மா, இல்ல சும்மாங்காட்டியுமா?" என்று கேட்டாள்.

அவள் விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் என் வாயிலிருந்து வருகிற ஒரு 'நல்லா இருக்கு'வைக்கூட அவள் உரசிப் பார்த்துத்தான் வாங்கிக்கொள்கிறாள் என்பது, நான் வைத்த அந்தக் கைநாட்டுக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற அபராதம்.